பலிக்கு ஒரு சிப்பாய்!

டிரிங்... டிரிங்... டிரிங்...

மேஜை மேல் இருந்த போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் நவமணி அதை முறைத்தாள். கையில் ரொட்டி சானாய். காலையிலிருந்து இதுதான் முதல் வாய்.

"சீனி, அதை எடுங்க. இல்லாட்டி வயரைப் புடுங்கிப் போடுங்க."

கார்ப்பரல் சீனி எடுத்தார். கேட்டார். முகம் மாறியது.

"புவான்... வெள்ளைக்கல் தோட்டத்துல பொணம். சுங்கை ஓரமா கெடக்குதாம். கத்திக்குத்து."

"யாரு பேசுறது?"

"தோட்டத்து மண்டோரு. அப்பாவுன்னு பேரு. கொன்னவன் யாருன்னும் சொல்லிட்டாரு புவான்."

நவமணி ரொட்டியைத் தட்டில் போட்டாள்.

"பொணத்தையும் கொடுத்து, கொலைகாரனையும் சேர்த்துக் கொடுக்கிறாரா? ரொம்ப நல்ல மனுசன்லா."

வருடம் 1978. மலேசியாவில், ஈப்போ வட்டாரத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் என்றால் ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மேலதிகாரிகள் தே ஓ என்கிற கட்டன் தேநீர் கலக்கச் சொல்லாத குறையாக நடத்துவார்கள். நவமணி பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, முட்டி மோதி இந்த நாற்காலிக்கு வந்தவள். கோபம் அவளுக்கு மூக்கின் நுனியில்கூட இல்லை... மூக்கைத் தாண்டி வெளியே நின்றது.

ஜீப் கிளம்பியது.

சிம்பாங் பூலாய் சந்தியைத் தாண்டி உள்ளே திரும்பினால் வெள்ளைக்கல் தோட்டம். ஒரு காலத்தில் முழுக்கக் கித்தா மரம், அதாவது ரப்பர். இப்போது பாதியை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். மீதிப் பாதியையும் லயத்து வீடுகளையும் யாருக்கோ விற்கப் போவதாகப் பேச்சு. அந்த வீடுகளில் இருக்கிற ஜனங்கள் எங்கே போவார்கள்? அதைக் கேட்பதற்கு யாருக்கும் வாய் வரவில்லை.

கேட்கிறவன் ஒருத்தன் இருந்தான்.

அவன்தான் தோட்டத்துக்கு வெளியே, சுங்கைக்கு அக்கரையில் மல்லாந்து கிடந்தான்!

ராமையா. கித்தாப் பால் வெட்டுகிறவன். தோட்டத்துச் சங்கக் காரியதரிசி. முப்பத்தைந்து வயது இருக்கும். வயிற்றில் ஒரு கத்தி, பிடி வரைக்கும் இறங்கியிருந்தது.

சுங்கை என்றால் ஆறு, பெயர்தான் பெரிது. முழங்கால் அளவுத் தண்ணீர். வெளிக்கரையில் போலீஸ், பிணம். தோட்டத்துக் கரையில் மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் மண்டோர் அப்பாவு. மீசை, விபூதி, கையில் மஞ்சள் காப்பு. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவரும் அவர்தான். மாரியம்மன் கோயில் தலைவரும் அவர்தான்.

"மண்டோரே, இங்க வாங்க."

"வரமுடியாதும்மா. காப்பு கட்டியிருக்கு. இந்தச் சுங்கைதான் எங்க கோயில் எல்லை. ஞாயித்துக்கெழமை தீமிதி முடியிற வரைக்கும் தாண்டக்கூடாது."

"சரி, அங்கேருந்தே கத்துங்க."

அப்பாவு கத்தினார்.

"அது கருவாட்டு பாய் கத்தி. இப்ராஹிம்னு, மோட்டோவுல கூடையைக் கட்டிக்கிட்டு வருவான். கொடியேத்தின தோட்டத்துக்குள்ள நேத்து கருவாட்டோட வந்துட்டான். ராமையா கூடையைக் கவுத்துவிட்டான். 'உன்னைப் பார்த்துக்கிறேன்'னு பாய் சொன்னான். தோட்டமே கேட்டுச்சு."

கூட்டம் தலையாட்டியது. கத்தி சாட்சி. சண்டை சாட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்குள் முகமது இப்ராஹிம் சிம்பாங் பூலாய் மார்க்கெட்டில் பிடிபட்டார். கையில் விலங்கு. கண்ணில் குழப்பம்.

"கத்தி என்னுதுதாம்மா. கூடை கவுந்தப்ப அங்கேயே விழுந்துபோச்சு. திரும்பிப் போய் எடுக்கப் பயந்துக்கிட்டு வந்துட்டேன். அல்லா சத்தியமா குத்தினது நானில்லை."

மேலதிகாரிக்கு ஏக சந்தோஷம். போனில் பாராட்டினார். திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தி, கொலைக் குற்றம் சாட்டிவிடு என்றார். அந்தக் குற்றத்துக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு தண்டனைதான்.

கயிறு.

* * *

சனிக்கிழமை சாயந்திரம் ஈப்போவில் முகம்மது கௌஸின் சாப்பாட்டுக் கடைக்குப் போய் செஸ் ஆடுவது நவமணியின் வழக்கம். இரண்டு வருடமாக ஆடுகிறாள். இரண்டு வருடமாகத் தோற்கிறாள்.

அன்றைக்குக் கடைக்குள் கால் வைக்கவே அவளுக்குக் கூசியது. இப்ராஹிம் வேறு யாருமில்லை... கௌஸின் தங்கை புருஷன்!

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தங்கை ஆமினா நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. லாக்கப்புக்குக் கொண்டுபோய், உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிய சாப்பாடு. அவள் நவமணியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது நவமணிக்கு.

கௌஸ் பலகையை விரித்து வைத்திருந்தார்.

"உட்காருங்க இன்ஸ்பெக்டரம்மா."

எப்போதும் 'தங்கச்சி' என்பார்.

"அண்ணே, நான் ஆட வரலை. நடந்ததைச் சொல்லத்தான்..."

"உட்காருங்கன்னா உட்காருங்க. நான் பேசுனா கெட்ட வார்த்தைதான் வரும். காய் பேசட்டும்."

ஆடினார்கள். காய்கள் பலகையில் டொக் டொக்கென்று இறங்கின. கௌஸ் ஒவ்வொரு காயையும் ஆணி அடிக்கிற மாதிரி வைத்தார். பத்துப் பதினைந்து நகர்த்தல் ஆனதும், தன் ராணியைத் தூக்கி நவமணியின் சிப்பாய்க்கு முன்னால் சும்மா வைத்தார்.

காவல் இல்லை. துணை இல்லை. ராணி!

நவமணி லபக்கென்று வெட்டினாள்.

வெட்டப் போன சிப்பாய் இருந்த இடம் காலியானது. அந்தச் சந்து வழியாகக் கௌஸின் கோட்டைக் காய் கடைசி வரிசை வரைக்கும் இறங்கியது.

"செக். உங்க ராஜாவுக்கு நகர இடமில்லை. முடிஞ்சுபோச்சு."

நவமணி பலகையையே பார்த்தாள்.

"இதே வேலையைத்தான் நேத்தும் பண்ணியிருக்கீங்க," என்றார் கௌஸ். "எவனோ ஓசியில ஒரு காயை நீட்டினான். எங்க மச்சானை. கபக்குன்னு முழுங்கிட்டீங்க. ஏன் நீட்டுறான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அண்ணே, கத்தி அவரோடது."

"என் கடையில முப்பது கத்தி இருக்கு. நாளைக்கு எவன் வயித்துல எது இருக்குமோ, எனக்கு எப்படித் தெரியும்?"

நவமணிக்குச் சுரீரென்றது. கோபம் கௌஸ் மேல் வரவில்லை. தன் மேல் வந்தது.

"ரெண்டு வருசமா ஏன் தோக்குறே தெரியுமா?" கௌஸ் கொஞ்சம் இறங்கி வந்தார். "குடுத்தா எடுத்துக்கிறே. குடுக்கணும்னா அழுகிறே. ஒரு சிப்பாய் போனாக்கூட நெஞ்சைப் புடிச்சுக்கிறே. வெட்டுறது எவனும் வெட்டுவான். எப்ப குடுக்கணும்னு தெரியிறவன்தான் ஆட்டக்காரன்."

"எப்ப குடுக்கணும்?"

"எதிராளி ராஜா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்திருப்பான். முன்னால சொந்தச் சிப்பாய்ங்க காவல் நிக்கும். தட்டினா திறக்கமாட்டான். அப்ப குடு. ஆனா குடுத்ததும் அவனுக்கு மூச்சு வாங்க நேரம் இருக்கக்கூடாது. நீ கேக்கிற கேள்விக்கு அவன் பதில் சொல்லியே ஆகணும். அந்த நிலைமை வராம குடுத்தா அது பலி இல்லை, திமிரு."

நவமணி எழுந்தாள்.

"எங்க போறே? தே ஆறுது."

"அந்தச் சுங்கைக்கு."

* * *

வெள்ளிக்கிழமை பார்க்காததை எல்லாம் சனிக்கிழமை பார்த்தாள். ஒரு நாள் தாமதம். தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சீனி, இங்க பாருங்க. தோட்டத்துப் பக்கத்துக் கரை. கித்தா இலையெல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கிக் கெடக்கு. குதிகால் மண்ணைக் கிழிச்ச தடம்."

"இழுத்திருக்காங்க புவான்."

"எங்கேருந்து?"

தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மரங்களுக்கு நடுவே, தோட்டத்துக்கு உள்ளே, நல்ல தூரம். ஒரு மரத்தடியில் மண் கறுத்துக் கிடந்தது. ஈ மொய்த்தது.

"இங்க குத்தியிருக்கான்," என்றாள் நவமணி. "குத்தினவன் என்ன செய்வான்? ஓடுவான். இவன் ஓடலை. அவ்வளவு பெரிய ஆளைச் சுங்கை வரைக்கும் இழுத்து, தண்ணியில எறங்கி, அக்கரையில போட்டிருக்கான். தண்ணிக்குள்ளேயே விட்டிருக்கலாம். புதர்ல தள்ளியிருக்கலாம். எதுக்கு அக்கரை?"

சீனி தலையைச் சொறிந்தார். அவர் டவுனில் வளர்ந்தவர்.

நவமணி லயத்தில் வளர்ந்தவள். அவளுக்குப் பளிச்சென்று பட்டது!

"எல்லை, சீனி. கொடியேத்தின பிறகு எல்லைக்குள்ள பொணம் விழுந்தா கோயில் கதவைச் சாத்தணும். காப்பை அறுக்கணும். தீமிதி நின்னுபோகும். வெளிய விழுந்தா தீட்டு அந்த ஒரு வீட்டுக்குத்தான். கருவாட்டு பாய்க்குத் தீமிதி நின்னா என்ன, நடந்தா என்ன? அவருக்கு எல்லை எதுன்னாவது தெரியுமா? கொன்னவன் சாமி கும்பிடுறவன். கையில ரத்தத்தோட நின்னு, திருவிழா கெட்டுடக்கூடாதேன்னு கவலைப்பட்டிருக்கான். பாவி!"

அடுத்து லயத்துக்குப் போனாள். கடைசி வீடு. ராமையாவின் மனைவி கருப்பம்மாள் கதவைப் பாதி திறந்தாள்.

"உள்ள வராதீங்க. தீட்டு வீடுன்னு சொல்லிட்டாங்க."

"எனக்குத் தீட்டு கிடையாது. வழி விடுங்க."

கருப்பம்மாள் அழுது முடித்திருந்தாள். இப்போது அவளிடம் இருந்தது வேறு.

"தெலுக் இந்தான்ல என் அக்கா வீட்டுக்குப் போயிரச் சொன்னாரு மண்டோரு. தீமிதி முடிஞ்சு வரணுமாம். என் புருசன் ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. அவரை இங்க கொண்டு வரக்கூடாதாம். அப்படியே இடுகாட்டுக்குக் கொண்டு போகணுமாம். நான் எங்கேயும் போகமாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டேன்."

"உங்க புருசனுக்கும் மண்டோருக்கும் ஏதாவது..."

"தொரைகிட்ட மண்டோரு என்ன சொல்லிட்டு வந்தாரு தெரியுமா? லயத்து ஆளுங்க எல்லாரும் வீட்டைக் காலி பண்ண சம்மதம்னு சொல்லிட்டு வந்திருக்காரு. தொரையோட டிரைவர் காதால கேட்டிருக்காரு. அதுக்குப் பதிலா புதுத் தோட்டத்துல மண்டோருக்குக் கான்ட்ராக்ட். தீமிதி அன்னிக்கு எல்லார் முன்னாலயும் கேக்கப்போறேன்னு என் வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டிருந்தாரு."

நவமணி பல்லைக் கடித்தாள்.

"அக்கா, இன்னொண்ணு. வழக்கமா கரகம் யாரு எடுப்பாங்க?"

"மண்டோருதான். நான் கல்யாணமாகி வந்ததிலேருந்து அவருதான் கரகத்தோட முதல்ல பூக்குழி எறங்குவாரு. இந்த வருசம் முட்டி வலியாம். அவரு அக்கா மகன் சன்னாசி எடுக்கிறான்."

முட்டி வலி!

வெள்ளிக்கிழமை அந்த மனிதர் கரையில் நிமிர்ந்து நின்று அரை மணி நேரம் கத்தினாரே? பிணத்தைத் தொட்ட உடம்போடு நெருப்பில் இறங்க அவருக்குப் பயம். போலீஸுக்குப் பயமில்லை. சட்டத்துக்குப் பயமில்லை. நெருப்புக்கு மட்டும் பயம்!

ஆனால் இதையெல்லாம் கோர்ட்டில் சொன்னால் நீதிபதி சிரிப்பார்.

"அந்த ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போலாமா புவான்?" என்றார் சீனி.

"காப்பு கட்டினவரைத் தொட்டா தோட்டமே கல்லைத் தூக்கும். ராஜா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்கான்."

சீனிக்குப் புரியவில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை. சூரியன் மலைக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை கோர்ட்.

கோயிலுக்கு முன்னால் பூக்குழி தகதகவென்று கிடந்தது. உறுமி மேளம். வேப்பிலை. மஞ்சள் உடுத்திய ஜனம். கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஈரத் துணியோடு சன்னாசி நின்றிருந்தான். முப்பது வயது ஆள். அப்பாவு மாமா நில் என்றால் நிற்பான்.

நவமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தாள்.

"மேளத்தை நிறுத்துங்க."

நின்றது.

அப்பாவு வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா இது? சாமி காரியத்துல வந்து..."

"ராமையாவை எல்லைக்குள்ளதான் குத்தியிருக்கு. அக்கரைக்கு இழுத்துப் போட்டிருக்கு. தடம் இருக்கு. ரத்தம் இருக்கு. பாய்க்கு இந்த எல்லை தெரியாது. கொன்னவன் இந்தக் கூட்டத்துல இருக்கான்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

அப்பாவு ஒரே நொடியில் கணக்குப் போட்டார். மோசமான ஆட்டக்காரர் இல்லை அவர். திரும்பி, சன்னாசியைப் பார்த்தார். பார்வையிலேயே ஏதோ சொன்னார்.

சன்னாசி கரகத்தை இறக்கி வைத்தான்.

"நான்தான்," என்றான். "நான்தான் குத்தினேன். நான்தான் இழுத்துப் போட்டேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பாவு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"என் அக்கா மகன்... வளர்த்த கையாலேயே கொடுக்கிறேன்மா. கொண்டு போங்க. பாயை விட்ருங்க."

சீனி ஓடிப்போய் விலங்கை மாட்டினார். முகமெல்லாம் பல்.

"முடிஞ்சது புவான். வாங்கலா, போயிரலாம்."

உண்மையிலேயே முடிந்துவிட்டது. இப்ராஹிம் இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவார். ஆமினா சாப்பாடு போடுவாள். கௌஸ் 'தங்கச்சி' என்பார். மேலதிகாரி கை குலுக்குவார். அவள் ஜீப்பில் ஏறினால் போதும்.

ஓசியில் இன்னொரு காய்!

நவமணி சன்னாசியின் கையைப் பார்த்தாள். காப்பு. ஈரத் துணி. பிணத்தை இழுத்த கையால் இவன் கரகத்தைத் தூக்கியிருப்பானா? அந்தத் துணிச்சல் இருக்கிறவனா இவன்? தரையைப் பார்த்து நின்ற அவனைப் பார்த்தால் கோழியைக்கூட அறுத்திருக்கமாட்டான் என்று தோன்றியது.

"சீனி, விலங்கைக் கழட்டுங்க."

"புவான்?"

"கழட்டுங்க."

சீனி அவள் காதருகே வந்தார். "இருக்கிற ஒரே வாக்குமூலம் இவன்தான். இவனும் ஓடிட்டா நாளைக்குப் பாய்தான் கோர்ட்டுல நிப்பாரு. உங்க உத்தியோகமும் போயிரும்."

"தெரியும். கழட்டுங்க."

விலங்கு கழன்றது. நவமணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டாள். இனி ஒரு நொடிகூட விடக்கூடாது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. சன்னாசி கொல்லலை. கொன்னவன் பொணத்தைத் தொட்டு இழுத்திருக்கான். அவன் தீட்டோட நிக்கிறான். அவன் இந்தக் குழியில எறங்கமாட்டான். வருசா வருசம் முதல்ல எறங்கி, இந்த வருசம் மட்டும் எறங்காத ஆளு யாரு? நீங்களே சொல்லுங்க."

அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"மண்டோரே," கூட்டத்தில் ஒரு கிழவர் கூப்பிட்டார். "கரகம் தரையில இருக்கு. தரையில இருக்கக்கூடாது. நீங்க எடுங்க."

"எனக்கு முட்டி..."

"எடுங்க மண்டோரே."

அப்பாவுவின் முகம் வியர்த்தது. ஒரு பக்கம் நெருப்பு. மறுபக்கம் நாற்பது வருடமாகத் தனக்கு முன்னால் கைகட்டி நின்ற ஜனம். நவமணி அவர் கால்களையே பார்த்தாள். பின்வாங்கு. ஒரு அடி பின்வாங்கு. அவ்வளவு போதும்.

அப்பாவு பின்வாங்கவில்லை!

வெறி பிடித்தவர் மாதிரி கரகத்தைத் தூக்கித் தலையில் வைத்தார். பல்லைக் கடித்தார். இறங்கினார்.

ஒரு அடி... இரண்டு... நடுக்குழி... கடைசி அடி!

தாண்டிவிட்டார்.

குழியின் மறுமுனையில், கால் நனைக்கும் பால் குழியில் நின்று பாதங்களைத் தூக்கிக் காட்டினார். ஒரு கொப்புளம் இல்லை. ஒரு சிவப்பு இல்லை.

"தாயே... மகமாயி..." கூட்டம் விழுந்து கும்பிட்டது. மேளம் காதைப் பிளந்தது.

"போதுமா இன்ஸ்பெக்டரம்மா?" அப்பாவு சிரித்தார். "ஆத்தாவே தீர்ப்பு சொல்லிட்டா. இனி உங்க கோர்ட்டு என்ன, போலீஸ் கச்சேரி என்ன?"

நவமணி அந்தப் பாதங்களைப் பார்த்தாள். கொடுத்தாகிவிட்டது. கிடைத்தது பூஜ்யம். நாளைக்கு இப்ராஹிம். அப்புறம் கயிறு. ஆமினாவின் முகத்தில் எப்படி விழிப்பாள்? நெருப்புக்கு நல்லவன் கெட்டவன் தெரியும் என்று நம்பிய தன் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சன்னாசி சிரித்தான்!

எல்லாரும் திரும்பினார்கள். ஓடுவான் என்று சீனி பயந்த அந்த ஆள் நின்ற இடத்திலேயே நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தான்.

"மாமா... உங்களுக்குச் சுடலையா?"

"வாயை மூடுடா."

"சூடத்தைக் கொளுத்தி, அதுமேல என்னைக் கையடிச்சு சத்தியம் பண்ண வெச்சீங்களே. 'நான் சொல்றதைக் கேக்கலைன்னா ஆத்தா உன்னை எரிச்சிருவா'ன்னீங்களே. நான் நம்புனேன். கொலைப்பழியைச் சுமக்கக்கூடத் தயாரா நின்னேன். ராமையாவை நீங்க குத்தினதைக் கண்ணால பார்த்தவன் நான். பொணத்தை இழுத்த உடம்போட நெருப்புல எறங்கியிருக்கீங்க. உங்களையே ஆத்தா சுடலைன்னா, சத்தியத்தை மீறினதுக்கு என்னை மட்டும் எதுக்குச் சுடப்போறா?"

மேளம் தானாக நின்றது.

"இன்ஸ்பெக்டரம்மா, வாங்க. ரத்தம் பட்ட வேட்டியை எங்க பொதைச்சாருன்னு காட்டுறேன். கித்தா சீட்டு காயப்போடுற புகைக்கூண்டுக்குப் பின்னால, தகரத்துக்கு அடியில. கருவாட்டு பாயோட கத்தியை வழியிலேருந்து எடுத்ததும் இவருதான்."

அப்பாவு நாலு பக்கமும் பார்த்தார். ஓட வழி தேடினார். நாலு பக்கமும் அவருடைய ஆட்களே நின்றிருந்தார்கள். இத்தனை நாள் அவரை மறைத்து நின்றவர்கள். ஒருத்தரும் விலகவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கூட்டம் விலகியது. அந்த வழியாகக் கருப்பம்மாள் நடந்து வந்தாள். தீட்டு வீட்டுக்காரி. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அவள் அப்பாவுவின் முன்னால் நின்றாள்.

"சொல்லுங்க மண்டோரே. இப்ப யாருக்குத் தீட்டு?"

அப்பாவு பார்வையைத் தரையில் இறக்கினார்.

சீனி விலங்கோடு போனார். இந்தத் தடவை நவமணி தடுக்கவில்லை.

* * *

புகைக்கூண்டுக்குப் பின்னால் வேட்டி கிடைத்தது. திங்கட்கிழமை காலை இப்ராஹிம் வீட்டுக்குப் போனார். ராமையாவின் உடலை லயத்து வழியாகத்தான் கொண்டுபோனார்கள். தோட்டமே பின்னால் நடந்தது. வீட்டைக் காலி பண்ண எவனும் சம்மதிக்கவில்லை என்று துரையிடம் போய்ச் சொன்னவர்களில் முதல் ஆள் சன்னாசி.

அன்று சாயந்திரம் கௌஸ் கடையில் பலகை விரிந்தது.

"உட்காரு தங்கச்சி. எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?"

"காலையில பெரிய துவான் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினாரு அண்ணே. வாக்குமூலம் கொடுத்தவனை அவுத்துவிட்டது தப்பாம். கோயில்ல புகுந்து மேளத்தை நிறுத்தினது தப்பாம். கொலைகாரனைப் பிடிச்சது மட்டும் நல்ல அதிர்ஷ்டமாம்."

"அவரு கெடக்காரு. நீ சொல்லு. சன்னாசியை அவுத்துவிட்டியே, கணக்குப் போட்டுத்தான் விட்டியா?"

"பாதி கணக்கு. மீதி கோவம். அப்பாவு எறங்கமாட்டான்னு நெனச்சேன். எறங்கிட்டான். சன்னாசி பேசுவான்னு நெனைக்கவே இல்லை."

"செஸ் பலகையில வெட்டுப்பட்ட காய் பேசாது. அந்த நெனப்புலதான் மண்டோரும் ஆடியிருக்கான்."

நவமணி சிரிக்கவில்லை. ஒரு சிப்பாயை முன்னால் தள்ளினாள்.

"எப்படியோ அண்ணே, நானும் குடுக்கக் கத்துக்கிட்டேன். இந்தக் கேஸுக்காக என் பிரமோஷனையே பலி கொடுத்துட்டேன்."

கௌஸ் தே கிளாஸைக் கீழே வைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பலகையிலேயே இல்லாத காயை எப்படிம்மா பலி கொடுத்தே?"